சேகர அலுவலகத்தில் பேச்சும் பிணக்கும்: ஊழியர் பயிற்சி நடத்த ஒரு வழிகாட்டி

நம் கிறிஸ்தவக் கோயிலில் வேலை பார்ப்பவர்களுக்குள் மனஸ்தாபம் வந்தால், 'ஜெபம் பண்ணிக்குவோம்' என்று சொல்லிக் கலைந்துவிடுகிறோம். ஜெபம் பண்ண வேண்டியதுதான். ஆனால் சாவி யாரிடம் இருக்க வேண்டும், காணிக்கை எண்ணும்போது யார் யார் உட்கார வேண்டும், அறிவிப்பை யார் எழுத வேண்டும் என்ற சண்டை அடுத்த ஞாயிறும் அதே இடத்தில் நிற்கும். உபதேசியார், கோயிலைத் திறந்து பூட்டிப் பராமரிக்கும் கோயில் குட்டியார், அலுவலக எழுத்தர், ஆர்கன் வாசிப்பவர், பாலர் பள்ளி ஆசிரியை, காவலாளி என்று பத்துப் பதினைந்து பேர் பிழைப்புக்காக நம்பியிருக்கும் இடம் அது. அவர்களுக்கு ஒருவரோடொருவர் பேசவும், பேச்சு முறிந்தால் சரிசெய்யவும் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

எங்கள் சேகரத்தில் (ஐயர் என்று நாங்கள் அழைக்கும் போதகர் ஒருவரின் பொறுப்பில் உள்ள சபைகள்) நான் செயலாளர் பொறுப்பில் இருந்தபோது இந்தப் பயிற்சியை ஏற்பாடு செய்தோம். யாரைக் கூப்பிடுவது, எந்தத் தலைப்பில் பணம் எடுப்பது, என்ன எழுதி வாங்குவது என்று சொல்ல ஆளில்லாமல் நெடுநாள் அலைந்தேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். தென் மாவட்டத்துத் தென்னிந்தியத் திருச்சபைச் சேகரத்தை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். கத்தோலிக்கர்கள் சேகர ஐயர் என்ற இடத்தில் பங்குத்தந்தையையும், சேகரக் கமிட்டி என்ற இடத்தில் பங்குப் பேரவையையும் வைத்துக்கொள்ளுங்கள். தனிச் சபைகளில் போதகரும் மூப்பர் குழுவும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயிற்சி நாள் இதில் சின்னப் பகுதி. அதற்கு முன்னால் செய்யும் தாள் வேலையும், அதற்குப் பின்னால் வரும் மூன்று மாதமும்தான் பலனைத் தீர்மானிக்கும். தீர்மானம் போட்ட நாளிலிருந்து வகுப்பு நடக்க எட்டு முதல் பத்து வாரம் ஒதுக்குங்கள்.

1. எது பயிற்சிக்கு உரிய பிணக்கு என்று முதலில் பிரியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். மூன்று வகை விஷயங்களுக்குப் பேச்சுப் பயிற்சியும் சமரசமும் மருந்தில்லை. அவற்றை இதற்குள் கொண்டுவந்தால் பாதிக்கப்பட்டவருக்கு இரண்டாம் முறை கேடு செய்தவர்களாவோம்.

முதலாவது, குழந்தைகள் சம்பந்தப்பட்டது. ஓய்வுநாள் பள்ளியிலோ விடுதியிலோ பாடகர் குழுவிலோ ஒரு சிறுவனுக்கோ சிறுமிக்கோ பாலியல் தொல்லை நடந்ததாகத் தெரியவந்தால், 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குச் சொல்லியே ஆகவேண்டும். சொல்லாமல் விட்டால் 21ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழ் வேலை பார்ப்பவரின் குற்றத்தை மறைத்தால் அது ஓராண்டு வரை போகும். கமிட்டி கூடிப் பேசி முடிவெடுக்கும் விஷயம் இல்லை இது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அலுவலகச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

இரண்டாவது, பெண் ஊழியர்களுக்கு நேரும் பாலியல் தொல்லை. பணியிடப் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் கோயிலுக்குப் பொருந்தாது என்று பல கமிட்டிகள் நினைத்துக்கொண்டிருக்கின்றன. நிறுவனம், அறக்கட்டளை, சங்கம் எதுவானாலும் பொருந்தும்; பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்தால் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு வைத்தாக வேண்டும். பத்துப் பேரை எண்ணும்போது சம்பளம் வாங்குபவரை மட்டும் எண்ணாதீர்கள். சம்பளமில்லாமல் தன்னார்வமாக வேலை செய்பவரையும் ஊழியர் என்றே அந்தச் சட்டம் சொல்கிறது. மூத்த பெண் ஊழியர் ஒருவர் தலைமையில், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்களாக, வெளியிலிருந்து ஒருவர் சேர்ந்த உள்ளகக் குழு இருக்க வேண்டும். இல்லையென்றால் 50,000 ரூபாய் வரை அபராதம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். புகார் கொடுத்த பெண் தானாகக் கேட்டால் மட்டுமே சமரசத்துக்கு இடமுண்டு, அதிலும் பணம் பேசக்கூடாது. 'ரெண்டு பேரையும் உட்கார வெச்சுப் பேசிடலாம்' என்று நல்லெண்ணத்தோடு எந்தப் பெரியவர் கிளம்பினாலும் தடுத்து நிறுத்துங்கள்.

மூன்றாவது, பணம் கையாடல். அது தணிக்கையாளரிடமும், சேகரங்களுக்கு மேலே இருக்கும் டயோசிஸ் (பேராயர்) அலுவலகத்திடமும் போக வேண்டியது.

இந்த மூன்றையும் விலக்கிய பிறகு மிஞ்சும் மனஸ்தாபங்களுக்கும் அளவு உண்டு. அமெரிக்கத் திருச்சபைகளில் பல ஆண்டுகள் ஆலோசகராக இருந்த ஸ்பீட் லீஸ் என்பவர் சபைப் பிணக்குகளை ஐந்து நிலையாகப் பிரித்துக் காட்டினார். முதல் நிலையில் ஒரு பிரச்சினை இருக்கிறது, இருவரும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். இரண்டாவதில் பேச்சு குறைந்து எச்சரிக்கை கூடுகிறது. மூன்றாவதில் அணி சேர்ந்து ஜெயிக்கப் பார்க்கிறார்கள். நான்காவதில் எதிராளி போனால் போதும் என்கிறார்கள். ஐந்தாவதில் போன பிறகும் விடாமல் துரத்துகிறார்கள். நம்மூரில் மூன்றாம் நிலைக்கு எளிய அடையாளம் சொல்கிறேன்: தனித்தனி வாட்ஸ்அப் குழு தொடங்கியாகிவிட்டதா என்று பாருங்கள்.

இந்தப் பயிற்சி முதல் இரண்டு நிலைக்குத்தான். மூன்றாம் நிலை என்றால் எந்தத் தரப்பையும் சாராத வெளி ஆள் நடுவராக வர வேண்டும். நான்கு, ஐந்து என்றால் டயோசிஸ் தலையிடாமல் தீராது. எரிகிற சண்டைக்கு நடுவே பயிற்சி வைத்தால், அங்கே கற்ற வார்த்தைகளையே எடுத்து அடித்துக்கொள்வார்கள்.

2. பணி விவரத் தாள் எழுதுங்கள்

எங்கள் சேகரத்தில் 'அவர் குணமே அப்படி' என்று சொல்லப்பட்ட சண்டைகளில் பெரும்பாலானவை வேலை யாருடையது என்று எழுதி வைக்காததால் வந்தவை. கோயில் குட்டியாருக்கு ஐயர் ஒன்று சொல்வார், செயலாளர் வேறு சொல்வார், பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவி மூன்றாவதாக ஒன்று சொல்வார், ஐயரம்மா வீட்டு வேலைக்குக் கூப்பிடுவார்கள். அவர் யார் பேச்சைக் கேட்டாலும் இன்னொருவர் கோபித்துக்கொள்வார். இதைப் பேச்சுப் பயிற்சியால் தீர்க்க முடியாது.

ஒவ்வொரு ஊழியருக்கும் ஒரு பக்கத்துக்கு மிகாத தாள் போதும். அதில் ஐந்து விஷயம் இருக்கட்டும்: என்னென்ன வேலை, எந்த நேரத்தில், யாரிடம் உத்தரவு வாங்க வேண்டும், வார ஓய்வு எந்த நாள், லீவு யாரிடம் சொல்ல வேண்டும். 'உத்தரவு யாரிடம்' என்ற இடத்தில் ஒரே ஒரு பதவியின் பெயர்தான் வர வேண்டும். இரண்டு எழுதினால் தாள் எழுதியதே வீண்.

தாளை கமிட்டி எழுதி நீட்டக்கூடாது. ஊழியரையே கூப்பிட்டு, இப்போது என்னென்ன செய்கிறீர்கள் என்று சொல்லச் சொல்லி எழுதுங்கள். எங்கள் குட்டியார் சொன்ன பட்டியலைக் கேட்டபோதுதான், ஞாயிறு ஒரே நாளில் அவருக்கு எத்தனை மணி நேர வேலை என்று கமிட்டிக்குத் தெரிந்தது. எழுதியதை வாசித்துக் காட்டி, அவரிடமும் ஐயரிடமும் கையொப்பம் வாங்கி, ஒரு நகலை அவர் கையில் கொடுங்கள். இதற்கு மூன்று வாரம் ஆகும். அவசரப்படாதீர்கள்.

3. கமிட்டித் தீர்மானம்

ஐயரும் செயலாளரும் வாய்ப்பேச்சாக முடிவு செய்து பயிற்சி வைத்தால், நடுவில் யாராவது 'இதற்கு யார் அனுமதி கொடுத்தது' என்று எழுந்து நிற்பார். தீர்மானம் நிகழ்ச்சி நிரலில் முன்கூட்டியே இருக்கட்டும். 'இதர காரியங்கள்' என்ற தலைப்பில் கடைசி நிமிடத்தில் நுழைக்காதீர்கள்.

வாசகம் ஏறத்தாழ இப்படி இருக்கலாம்: 'நமது சேகர ஊழியர்கள், கமிட்டி உறுப்பினர்கள், சேகர குரு ஆகியோருக்குப் பேச்சுத் தொடர்பு, பிணக்குத் தீர்ப்புப் பயிற்சியை இரண்டு அரை நாட்கள் நடத்துவது என்றும், அதற்குப் பொது நிதியிலிருந்து இத்தனை ரூபாய்க்கு மிகாமல் செலவு செய்வது என்றும், பயிற்சி நேரம் பணி நேரமாகக் கருதப்படும் என்றும், பயிற்சியில் பேசப்படும் எதுவும் எந்த ஊழியர் மீதும் நடவடிக்கைக்கு ஆதாரமாகக் கொள்ளப்படாது என்றும் தீர்மானிக்கப்பட்டது.'

கடைசி இரண்டு வரிகளையும் விட்டுக்கொடுக்காதீர்கள். தினக்கூலிக்கு வேலை பார்க்கும் துப்புரவுப் பணியாளருக்கு அந்த அரை நாள் கூலி போகக்கூடாது. இங்கே வாய் திறந்தால் வேலை போகுமோ என்று பயப்படுபவர் வகுப்பு முழுக்கத் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஒன்றைக் கவனித்தீர்களா, பயிற்சி ஊழியருக்கு மட்டும் இல்லை. ஐயரும் கமிட்டியும் வெளியே நின்றுகொண்டு ஊழியரை மட்டும் உள்ளே அனுப்பினால், திருந்த வேண்டியவர்கள் நாம்தான் என்று சொல்கிறார்கள் என்றே அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அப்படி எடுத்துக்கொள்வது நியாயமும்கூட.

4. தேதி

திருச்சபை நாட்காட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கழித்துப் பாருங்கள். சாம்பல் புதன் முதல் ஈஸ்டர் வரை வேண்டாம். மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளி. ஐயர்கள் மாறுதலும் பெரும்பாலும் அதை ஒட்டித்தான் வரும். உங்கள் சேகரத்தின் அறுப்பின் பண்டிகை, அசனம் என்ற பொது விருந்து, கன்வென்ஷன் கூட்டங்கள் வரும் மாதங்களை விலக்குங்கள். நவம்பர் பாதியிலிருந்து கிறிஸ்துமஸ் வேலை. கமிட்டித் தேர்தல் வரப்போகும் ஆண்டென்றால், தேர்தலுக்கு முந்தைய மூன்று மாதமும் வேண்டாம்; அப்போது எந்தப் பயிற்சியும் ஏதோ ஓர் அணியின் வேலையாகவே பார்க்கப்படும்.

எஞ்சுவது பெரும்பாலும் ஜூன் பிற்பகுதி முதல் ஆகஸ்ட் வரை, இல்லையென்றால் ஜனவரி கடைசி. புது ஐயர் வந்த சூட்டோடு வைக்காதீர்கள். அவர் ஆட்களை அறிந்துகொள்ள இரண்டு மாதம் கொடுங்கள்.

கிழமை: திங்கள் பலருக்கும் ஓய்வு நாள், அதைப் பறிக்க வேண்டாம். சனிக்கிழமை மறுநாள் ஆராதனைக்கான வேலை நெருக்கும். செவ்வாய் அல்லது வியாழன், காலை 9.30 முதல் மதியம் 1.30 வரை, மதியச் சாப்பாட்டோடு முடியட்டும். முழு நாள் ஒன்றாக வைப்பதைவிட அரை நாள் இரண்டாக, நடுவே இரண்டு வாரம் விட்டு வைப்பது நல்லது. முதல் நாள் கற்றதை அந்த இரண்டு வாரத்தில் செய்து பார்த்துவிட்டு வருவார்கள். இரண்டாம் நாள் பேச உண்மையான விஷயம் இருக்கும்.

5. பயிற்றுநரைத் தேடுவது

நல்ல பிரசங்கியார் நல்ல பயிற்றுநராக இருப்பார் என்று எண்ணி விடாதீர்கள். மூன்று மணி நேரம் அன்பைப் பற்றி உருக்கமாகப் பேசுவார், எல்லாரும் கண் கலங்குவார்கள், மறுநாள் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாது.

தேட வேண்டிய இடங்கள்: மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி, சென்னைக் கீழ்ப்பாக்கத்துக் குருகுல் போன்ற இறையியல் கல்லூரிகளில் ஆலோசனைப் பணி கற்பிப்பவர்கள், வேலூரில் உள்ள கிறிஸ்தவ ஆலோசனை மையம் போன்ற இடங்களில் படித்து வந்தவர்கள், பக்கத்துக் கல்லூரியின் சமூகப் பணித் துறைப் பேராசிரியர்கள், மாவட்ட நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையங்களில் பயிற்சி பெற்ற வழக்கறிஞர்கள். கடைசியாகச் சொன்னவர்களை இரண்டாம் நாளுக்கு மட்டும் அழைத்தாலும் பலன் உண்டு. இரு தரப்பையும் பேச வைத்துக் கேட்பது அவர்களுக்குக் கைவந்த வேலை.

ஒப்புக்கொள்ளும் முன் தொலைபேசியில் இவற்றைக் கேளுங்கள். வகுப்பில் எத்தனை பங்கு நேரம் மற்றவர்கள் பேசுவார்கள்? பாதிக்குக் குறைவென்றால் வேறு ஆளைப் பாருங்கள். முழுக்கத் தமிழில் எடுப்பாரா? படிக்கத் தெரியாதவர் இருந்தால் என்ன செய்வார்? எங்கள் கமிட்டியிலோ டயோசிஸ் பொறுப்பிலோ அவருக்கு உறவுக்காரர் உண்டா? இந்தக் கேள்வியைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். கேட்டே ஆக வேண்டும். நம் சேகரங்களில் அணி என்பது பல இடங்களில் குடும்பத்தோடும் சாதியோடும் பின்னிக் கிடக்கிறது. அது தெரியாதது போல நடத்தும் எந்தப் பயிற்சியும் மேல்பூச்சாகவே போகும். அவர் எந்தப் பக்கத்துக்கும் சொந்தமில்லை என்பது கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் காவலாளிக்கும் தெரிய வேண்டும்.

ஒத்துக்கொண்ட பின் ஒரு பக்கக் கடிதம் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள்: தேதி, நேரம், கட்டணம், பயணச் செலவு, ரத்தானால் என்ன, வகுப்பில் கேட்டதை வெளியே சொல்லமாட்டார் என்ற உறுதி, நிழற்படமும் ஒலிப்பதிவும் கிடையாது என்ற நிபந்தனை.

6. செலவு

இருபது பேருக்கு இரண்டு அரை நாள் என்று வைத்து ஒரு மாதிரிக் கணக்கு தருகிறேன். உங்கள் ஊர் விலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பயிற்றுநர் மதிப்பூதியம் அரை நாளுக்கு 5,000 வீதம் 10,000. அவருடைய பயணம் 2,000. மதியச் சாப்பாடு தலைக்கு 150 வீதம் இரண்டு நாளுக்கு 6,000. டீ, வடை தலைக்கு 40 வீதம் 1,600. ஜெராக்ஸ், கோப்பு, பேனா 1,500. கைச்செலவு 2,000. ஆக 23,100 ரூபாய். நிறுவனங்களுக்கு வகுப்பெடுப்பவர்கள் கேட்கும் தொகை இதைவிடப் பல மடங்கு இருக்கும்; அவர்களைத் தேடிப் போக வேண்டிய அவசியம் இல்லை. இடம் பாரிஷ் ஹால்தான், வாடகை கிடையாது. ஆனால் கோயிலுக்குள் வைக்காதீர்கள். அங்கே யாரும் கோபத்தைச் சொல்லமாட்டார்கள்.

பணம் எடுப்பதில் கவனிக்க வேண்டியவை சில. செலவு பொது நிதியிலிருந்து போகட்டும். 'சாப்பாட்டை நான் ஏத்துக்கிறேன்' என்று வரும் கொடையாளரை நன்றியோடு மறுத்துவிடுங்கள். அவர் ஏதோ ஒரு தரப்புக்கு வேண்டியவர் என்றால் முதல் பந்தியிலேயே பேச்சு கிளம்பிவிடும். வெளிநாட்டு நன்கொடைக் கணக்கை டயோசிஸ் பொருளாளர் எழுத்தில் சொல்லாமல் தொடக்கூடாது. பயிற்றுநருக்குக் காசோலையாகவோ வங்கி வழியாகவோ கொடுங்கள். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் தந்தால் வருமான வரிக் கணக்கில் சிக்கல் வரும். ஒரு நிதியாண்டில் ஒருவருக்குத் தரும் தொழில்முறைக் கட்டணம் 50,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் வரி பிடித்தம் செய்ய வேண்டும். உங்கள் சேகரம் டயோசிசின் பான் எண்ணில் இயங்குகிறதென்றால், மற்றச் சேகரங்கள் அதே ஆளுக்குக் கொடுத்ததும் சேரும். தணிக்கையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

7. முன்கேள்வித் தாள்

எங்கே வலிக்கிறது என்று பயிற்றுநருக்குத் தெரிய வேண்டும். பெயர் எழுதாத தாள் என்று சொல்லி, கையால் எழுதச் சொல்வதுதான் இங்கே வழக்கமான பொறி. பதினைந்து பேர் வேலை பார்க்கும் இடத்தில் கையெழுத்தைப் பார்த்ததும் ஆள் தெரிந்துவிடும். ஆகவே எல்லாம் டிக் அடிக்கும் கேள்விகளாக இருக்கட்டும். 'எனக்கு யார் உத்தரவு தருவார் என்று தெளிவாகத் தெரியும்', 'தவறு நடந்தால் எல்லார் முன்னாலும் கண்டிக்கப்படுகிறேன்', 'வேலை நேரத்துக்கு வெளியே அழைப்பு வருகிறது', 'குறையைச் சொன்னால் கேட்பார்கள்' என்பது போலப் பத்து வாக்கியம், ஒவ்வொன்றுக்கும் ஆம், சில நேரம், இல்லை.

தாளைச் செயலாளரோ ஐயரோ வாங்கக்கூடாது. பயிற்றுநர் விலாசம் எழுதி, அஞ்சல் தலை ஒட்டிய உறையோடு கொடுத்துவிடுங்கள். அவரவரே தபாலில் போடட்டும். சொல்ல நிறைய இருப்பவர்கள் பயிற்றுநரைத் தொலைபேசியில் அழைக்கலாம் என்று அவருடைய எண்ணையும் தாளில் அச்சிடுங்கள். இதற்குப் பத்து நாள் போதும்.

8. முதல் அரை நாள்: பேசுவதும் கேட்பதும்

தொடக்க ஜெபமும் தியானமும் பத்து நிமிடத்துக்குள் முடியட்டும். தியானத்துக்கு அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரம் பொருத்தம். அன்றாட உணவுப் பகிர்வில் தங்கள் விதவைகள் விடுபட்டார்கள் என்று ஒரு பிரிவார் முறுமுறுத்தார்கள். அப்போஸ்தலர்கள் முறுமுறுத்தவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. எல்லாரையும் கூப்பிட்டு, ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொல்லி, வேலையைப் பிரித்துக் கொடுத்தார்கள். குறை சொல்வது விசுவாசக் குறைவு என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஊழியர்களுக்கு இந்தப் பகுதி பெரிய ஆறுதல்.

அடுத்து பயிற்சி. எங்களுக்கு நன்றாகப் பலன் தந்தது மார்ஷல் ரோசன்பெர்க் கற்பித்த நான்கு படி முறை: கண்டதைச் சொல்வது, அதனால் எனக்கு என்ன ஆனது என்று சொல்வது, எனக்கு என்ன தேவை என்று சொல்வது, செய்யக்கூடிய ஒன்றைக் கேட்பது. சொல்லக் கேட்டால் எளிது. வாயில் வர ஒரு மணி நேரப் பழக்கம் வேண்டும். இருவர் இருவராக உட்கார்ந்து செய்ய வேண்டும்.

'நீங்க எப்பவுமே லேட்டு' என்ற வழக்கமான பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள். அதை இப்படி மாற்றிப் பழகுகிறோம்: 'போன ஞாயிறு 8 மணி ஆராதனைக்கு 7.50க்குத்தான் கதவு திறந்தது. பெரியவங்க வெயில்ல நின்னதைப் பார்த்து எனக்குப் பதட்டமாயிட்டு. ஆராதனைக்கு அரை மணிக்கு முன்னால கோயில் திறந்திருக்கணும். 7.30க்குத் திறக்க முடியுமா? என்ன தடையா இருக்கு?' கடைசிக் கேள்விதான் உயிர். அதைக் கேட்டால், சாவிக்கொத்து கணக்கர் வீட்டில் இருக்கிறது, அவர் 7.40க்குத்தான் எழுந்து வருகிறார் என்ற பதில் வரலாம். ஒரு மனிதர் மீது இருந்த கோபம் இன்னொரு சாவி செய்வதோடு தீரும்.

கேட்பதற்கும் தனிப் பழக்கம் உண்டு. எதிரில் இருப்பவர் இரண்டு நிமிடம் பேசட்டும். நீங்கள் பதில் சொல்லாமல், அவர் சொன்னதை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லுங்கள். 'ஆமா, அதைத்தான் சொன்னேன்' என்று அவர் சொன்ன பிறகே உங்கள் முறை. கமிட்டி உறுப்பினர்களுக்கு இது மிகவும் கடினமாக இருக்கும்.

மரியாதையைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசியாக வேண்டும். அறுபது வயதுக் குட்டியாரை முப்பது வயதுக் கமிட்டி உறுப்பினர் 'ஏல, இங்க வா' என்று கூப்பிடும் சேகரத்தில் நான்கு படி முறை எதுவும் வேலை செய்யாது. வயதும் சம்பளமும் பாராமல் பணியிடத்தில் எல்லாரையும் 'ங்க' போட்டுக் கூப்பிடுவது என்று அன்றைக்கே உடன்பாடு செய்யுங்கள்.

ஊரில் நடந்துகொண்டிருக்கும் உண்மையான சண்டையை எடுத்து மேடையில் நடித்துக் காட்டச் சொல்லும் பயிற்றுநரைத் தடுங்கள். கற்பனைச் சம்பவங்கள் போதும். முடிவில் 'எல்லாரும் கட்டிப்பிடித்து மன்னிப்புக் கேளுங்கள்' என்பதும் வேண்டாம். பத்துப் பேர் பார்க்கக் கேட்கும் மன்னிப்பை மறுக்க யாராலும் முடியாது. அப்படிக் கொடுத்த மன்னிப்பு உள்ளே புழுங்கும்.

9. இரண்டாம் அரை நாள்: குறை சொல்ல ஒரு வழி

முதல் பகுதியில், மூன்றாம் ஆளிடம் போவதைப் பற்றிப் பேசுங்கள். எழுத்தர் மீது ஆசிரியைக்குக் கோபம். அவர் ஐயரம்மாவிடம் சொல்வார். ஐயரம்மா ஐயரிடம் சொல்வார். ஐயர் எழுத்தரைக் கூப்பிட்டுக் கண்டிப்பார். யார் சொன்னது என்று எழுத்தருக்குத் தெரியாது, ஆனால் ஊகிப்பார். குடும்ப உறவுகளை ஆராய்ந்த மனநல மருத்துவர் மரே போவன் இந்த முக்கோணத்தை விரிவாக விளக்கியிருக்கிறார். இதை உடைக்க ஒரு கேள்வியைப் பழக்குங்கள்: 'இதை அவங்ககிட்ட சொல்லியாச்சா?' இல்லை என்றால், 'சொல்லுங்க, வேணும்னா நானும் கூட வாரேன்.'

'நானும் கூட வாரேன்' என்பது ஏன் என்றால், மத்தேயு 18ஆம் அதிகாரத்தை நாம் பாதியாகப் பயன்படுத்துகிறோம். தனியே போய்ப் பேசு, பிறகு ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ, பிறகு சபைக்குச் சொல் என்று மூன்று படி அங்கே இருக்கிறது. அது சகோதரனுக்கும் சகோதரனுக்கும் இடையே சொன்னது. சம்பளச் சீட்டில் கையொப்பமிடும் பொருளாளரிடம் துப்புரவுப் பணியாளர் தனியே போய்க் குற்றத்தை உணர்த்த வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. ஆகவே உங்கள் நடைமுறையில், மேலே இருப்பவர் மீதான குறைக்கு முதல் படியிலேயே துணைக்கு ஒருவரை அழைத்துப்போகலாம் என்று எழுதுங்கள்.

அன்றைய நாள் முடியும்போது ஒரு பக்கக் குறைதீர் நடைமுறை எல்லார் கையிலும் இருக்க வேண்டும். எங்களுடையதில் இருந்தவை: குறையை நேரில் சொல்லலாம், எழுதியும் தரலாம், வாங்கியவர் ஏழு நாளுக்குள் பேச்சுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும், தீராவிட்டால் கமிட்டி நியமித்த மூவரிடம் போகும், அதில் ஒருவராவது பெண், ஒருவராவது ஊழியர் தரப்பு, அவர்கள் 21 நாளில் முடிவைக் கையொப்பத்தோடு எழுதிக் கொடுக்க வேண்டும், ஐயர் மீதான குறை என்றால் டயோசிஸ் அலுவலகத்தில் யாருக்கு எழுதுவது, முதல் படியில் சொன்ன மூன்று வகைகளுக்கும் இந்த வழி பொருந்தாது, அவற்றுக்கு எங்கே போவது.

வாட்ஸ்அப்புக்கு நான்கு வரி போதும். பணிக் குழுவில் வேலைச் செய்தி மட்டும். கண்டிப்பு எதுவும் குழுவில் கூடாது, நேரில் அல்லது அழைப்பில். ஒருவர் அனுப்பிய குரல் பதிவை அவர் சம்மதமின்றி இன்னொருவருக்கு அனுப்பக்கூடாது. இரவு 9 மணிக்கு மேல் அவசரம் தவிர எதுவும் வேண்டாம், துக்கச் செய்தி அவசரத்தில் சேரும்.

10. அடுத்த மூன்று மாதம்

முப்பதாம் நாள் ஊழியர்கள் அனைவரையும் ஒரு மணி நேரம் கூட்டுங்கள். பணி விவரத் தாளில் மாற்ற வேண்டியது ஏதும் உண்டா, குறைதீர் நடைமுறையை யாராவது பயன்படுத்தினார்களா என்று கேளுங்கள். யாரும் பயன்படுத்தவில்லை என்றால் குறையே இல்லை என்று சந்தோஷப்பட வேண்டாம். பயம் போகவில்லை என்றே பெரும்பாலும் அர்த்தம். மூவர் குழுவில் ஊழியர் தரப்பில் இருப்பவரிடம் தனியே பேசிப் பாருங்கள்.

தொண்ணூறாம் நாள் அதே முன்கேள்வித் தாளை, அதே முறையில், பயிற்றுநர் விலாசத்துக்கே அனுப்பச் சொல்லுங்கள். இரண்டையும் ஒப்பிட்டு அவர் தரும் ஒரு பக்க அறிக்கையைக் கமிட்டியில் வாசியுங்கள். இந்த வேலைக்குத் தனியாக 1,000 அல்லது 2,000 ரூபாய் கேட்டால் கொடுங்கள். ஆரம்பக் கடிதத்திலேயே எழுதிவிட்டால் இன்னும் நல்லது.

தாள்களை ஒரே கோப்பில் வையுங்கள்: தீர்மான நகல், பயிற்றுநர் கடிதம், வருகைப் பதிவு, பில்களும் வவுச்சரும், பணி விவரத் தாள்கள், குறைதீர் நடைமுறை, தொண்ணூறாம் நாள் அறிக்கை. தனி நபர் குறைகளும் அவற்றின் முடிவுகளும் இந்தக் கோப்பில் சேரக்கூடாது. மூவர் குழு அவற்றைப் பூட்டிய பெட்டியில் தனியாக வைக்கட்டும்.

ஐயர் மாறுதலாகிப் போகும்போது பதிவேடுகள், நகைகள், சாவிகள் என்று பட்டியல் போட்டு ஒப்படைப்போம் அல்லவா? அந்தப் பட்டியலில் இந்தக் கோப்பையும் ஒரு வரியாகச் சேர்த்து, வரும் ஐயரிடமும் புதுக் கமிட்டிச் செயலாளரிடமும் கையொப்பம் வாங்குங்கள். புதியவர் வந்து மூன்றாம் மாதத்தில், அந்தப் பணி விவரத் தாள்களை வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஊழியரோடும் அரை மணி நேரம் பேச அவருக்குத் தேதி குறித்துக் கொடுங்கள்.